துபாய் லைசென்ஸ்: நேராக டெஸ்ட்டுக்குப் போகலாமா, கிளாஸில் சேரலாமா?

பெரியபட்டினம்_தம்பி

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். அடுத்த மாதம் துபாய் கிளம்புகிறேன். சேல்ஸ்மேன் வேலை. வேனில் சரக்கை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட வேண்டும், அதனால் லைசென்ஸ் எடுத்தால்தான் வேலை நிலைக்கும் என்று மச்சான் முதலிலேயே சொல்லிவிட்டார். ஊரில் ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். மதுரை ஏர்போர்ட்டுக்கு எத்தனை சபுராளியை (வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரை) ஏற்றி இறக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை, வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அங்கே 'கோல்டன் சான்ஸ்' என்று ஒன்று இருக்கிறதாம், கிளாஸ் போகாமல் நேராக டெஸ்ட் கொடுக்கலாமாம். மச்சான் அது வேண்டாம், காசு வீண் என்கிறார். கூட்டாளி ஒருத்தன், நீ ஓட்டுகிற ஓட்டுக்கு ஒரே தடவையில் அடித்துவிடுவாய் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

தொண்டி_காக்கா

வ அலைக்கும் ஸலாம் தம்பி. இரண்டு பேர் பேச்சையும் அப்புறம் கேட்கலாம். முதலில் ஊர் லைசென்ஸைக் கையில் எடு. எந்தத் தேதி வரை செல்லும்? அதில் உன் பெயர் எப்படி இருக்கிறது, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது? கார்டா, பழைய புத்தகமா?

பெரியபட்டினம்_தம்பி

கார்டுதான் காக்கா. லைசென்ஸில் பெயர் இன்ஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் முழுசாக வரும். தேதி பார்க்கவில்லை. லைசென்ஸ் வண்டியில் கிடக்கிறது, வண்டி உச்சிப்புளியில் நிற்கிறது.

மண்டபம்_மெக்கானிக்

ஏழு வருஷம் ஓட்டியவனுக்கு லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று தெரியாது. நம்ம ஊர்க்காரன்தான், சந்தேகமே இல்லை.

தொண்டி_காக்கா

சிரிக்காதீர்கள் மெக்கானிக், நானும் அப்படித்தான் போனேன். 2006-இல் போகும்போது என்னிடம் இருந்தது புத்தக லைசென்ஸ். மழையில் நனைந்து போட்டோ பாதி அழிந்திருக்கும். அதில் இன்ஷியல் 'எஸ்.', பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் நீளமாக. டிரைவிங் ஸ்கூல் கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நமக்கு இன்ஷியல் என்றால் தகப்பன் பெயர் என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் ஒரு எழுத்து. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எட்டு வருஷம் ஓட்டிய அனுபவம் ஒரே நிமிஷத்தில் பூஜ்யமாகிவிட்டது, புது ஆள் கணக்கில் முழு வகுப்பும் கட்டினேன்.

இது ஏன் முக்கியம் என்றால், துபாயில் வகுப்பு எத்தனை மணி நேரம் என்பதே உன் ஊர் லைசென்ஸின் வயதை வைத்துத்தான். ஐந்து வருஷத்துக்கு மேல் பழசு என்றால் 10 மணி நேரம், இரண்டிலிருந்து ஐந்து என்றால் 15, அதற்குக் கீழே அல்லது ஒன்றுமே இல்லை என்றால் 20. ஒரு மணி நேரம் என்பது காசு, அதைவிட லீவு. கம்பெனிக்காரன் தினமும் மதியம் விட்டுக்கொண்டே இருப்பானா?

அதனால் கிளம்புவதற்கு முன் பெயரைச் சரி செய். பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் போய், பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே மாற்றக் கொடு. உன் லைசென்ஸ் எண் அந்தத் தளத்தில் போட்டால் வருகிறதா என்றும் பார். பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்குப் பல நேரம் வராது. ஆன்லைனில் இல்லாத லைசென்ஸை வெளிநாட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

தேவிபட்டினம்_சிங்கை

காக்கா சொன்ன தேதி விஷயத்தையும் விட்டுவிடாதே தம்பி. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். சபுரில் இருப்பவனுக்கு ஒரு வருஷம் என்பது இரண்டு பெருநாள், கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். 40 வயது தாண்டியவர்கள் டாக்டர் சான்றிதழ் (படிவம் 1ஏ) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலும் கதை இதுதான். நீண்ட காலப் பாஸில் வந்தவன் ஊர் லைசென்ஸோடு 12 மாதம் ஓட்டலாம், அதற்குமேல் ஒரு நாள் கூடக் கூடாது. மாற்ற வேண்டுமானால் பேசிக் தியரி எழுத வேண்டும், 50 கேள்விக்கு 45 சரியாக இருக்கணும். ஆனால் மாற்றித் தருவது உயிரோடு இருக்கும் ஊர் லைசென்ஸைக் காட்டினால்தான். என் கூட ரூமில் இருந்த ஒருவர் தியரியை முதல் தடவையிலேயே 49 எடுத்துப் பாஸாகிவிட்டு, ஊர் லைசென்ஸ் நான்கு மாதம் முன்பே செத்துப்போனது தெரியாமல் வரிசையில் நின்றார்.

என் அக்கா மகன் ஜப்பானில் இருக்கிறான். அங்கே இன்னும் ஒரு படி மேலே. லைசென்ஸ் எடுத்த பிறகு, எடுத்த நாட்டிலேயே குறைந்தது மூன்று மாதம் இருந்ததைப் பாஸ்போர்ட் முத்திரையோடு காட்டணும். லீவில் வந்து இரண்டு வாரத்தில் எட்டுப் போட்டு எடுத்துக்கொண்டு பறக்கிற நம் பழக்கம் அங்கே எடுபடாது. 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வும் 10 கேள்வியிலிருந்து 50 ஆகிவிட்டது.

மண்டபம்_மெக்கானிக்

இவ்வளவு எதற்கு? 1,000 ரூபாய் கட்டினால் இன்டர்நேஷனல் பெர்மிட் தருகிறார்கள். அதை வைத்து ஓட்ட வேண்டியதுதானே.

தொண்டி_காக்கா

மெக்கானிக், நீங்கள் வண்டியைத் திறந்து பார்க்கிற மாதிரி அதையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்தப் பெர்மிட் ஒரு வருஷம்தான். விசிட்டில் வந்தவனுக்குத்தான் அது உதவும். துபாயில் ரெசிடென்ஸ் விசா ஆன நாளிலிருந்து அது வெறும் சாம்பல்நிறப் புத்தகம். அதை நம்பி ஓட்டி, யாரையாவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும், அப்புறம் ஊரில் இருக்கிற தென்னந்தோப்பை விற்றாலும் கட்டி முடியாது.

இன்னொன்று. ஆன்லைனில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ், மூன்று வருஷம் செல்லும்' என்று விளம்பரம் போட்டு விற்கிறார்கள், அட்டை பளபளவென்று இருக்கும். ஒன்றுக்கும் ஆகாது. நம் நாட்டில் பெர்மிட் கொடுப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான். வெளிநாட்டில் இருக்கும்போது அது முடிந்துபோனால் 2021-லிருந்து தூதரகம் வழியாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

பெரியபட்டினம்_தம்பி

காக்கா, லைசென்ஸைப் பார்த்தேன். இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. பெயர் மாற்றவும், கூடவே புதுப்பிக்கவும் கொடுத்துவிட்டேன். இப்போது சொல்லுங்கள், கோல்டன் சான்ஸா, கிளாஸா?

தொண்டி_காக்கா

பதினோரு மாதம்! இரண்டு மாதம் முன்னால் பார்த்திருந்தால் அப்ளிகேஷனே எடுத்திருக்காது. சரி, நல்ல நேரம் உனக்கு.

கோல்டன் சான்ஸ் என்பது துபாய் போக்குவரத்து ஆணையமான ஆர்.டி.ஏ. 2023 ஏப்ரலில் கொண்டுவந்தது. அமெரிக்கா, இங்கிலாந்து லைசென்ஸ் வைத்திருப்பவர் அப்படியே கொடுத்து மாற்றிக்கொள்வார், டெஸ்ட்டே கிடையாது. நம் லைசென்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு, வகுப்பு இல்லாமல் தியரியும் ரோடு டெஸ்ட்டும் ஒரே ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்று வைத்தார்கள். பாஸானால் மாதக்கணக்கில் மிச்சம். போனால் கட்டிய காசு போச்சு, வகுப்பில் சேர்ந்து முதலிலிருந்து வர வேண்டும்.

உனக்கு நான் சொல்வது: கோல்டன் சான்ஸ் கேள். ஆனால் இறங்கிய வாரமே கேட்காதே. மச்சான் வண்டியில் பக்கத்து சீட்டில் ஒரு மாதம் உட்கார். ஷேக் ஸாயித் ரோட்டில் என்ன நடக்கிறது, எக்ஸிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் முன்பே லேன் மாறுகிறார்கள், ரவுண்டானாவில் யார் நிற்கிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இரு. மச்சான் திட்டுவதையும் கேள், அதுவும் பாடம்தான்.

மண்டபம்_மெக்கானிக்

என் அனுபவத்தில் இதெல்லாம் காசு பிடுங்குகிற வேலை. என் தம்பியை ஒரு ஸ்கூலில் ஐந்து தடவை பெயிலாக்கினார்கள். பாம்பன் பாலத்தில் அடிக்கிற காத்துக்கு நடுவே மீன் லாரி ஓட்டியவன் அவன். அவனுக்கு ஓட்டத் தெரியாதா?

கீழக்கரை_லாத்தா

ஓட்டத் தெரிந்ததுதான் பிரச்சினை தம்பி. நான் தம்மாமில் இருக்கிறேன். எனக்கு ஊரில் லைசென்ஸே கிடையாது, சைக்கிள் கூட ஓட்டியதில்லை. சவூதியில் 2018 ஜூன் 24 அன்று பெண்கள் ஓட்டலாம் என்று ஆனபோது, இங்கே பிள்ளைகளை ஸ்கூலில் விட நாள் தவறாமல் டாக்ஸிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவள் நான். 30 மணி நேர வகுப்பு. ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்ததால் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன், முதல் தடவையிலேயே பாஸ். என் வீட்டுக்காரர் ஊரில் பதினைந்து வருஷம் ஓட்டியவர், எனக்கு முன்பே இங்கே மூன்று தடவை எழுதி வாங்கினார். இந்தக் கதையை வீட்டில் சொல்ல எனக்கு இன்னும் அனுமதி இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

தொண்டி_காக்கா

லாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு. மெக்கானிக், நானும் நான்கு தடவை பெயில். மூன்று தடவை வரை உங்களைப் போலத்தான் திட்டினேன். நான்காவது தடவை கூட வந்த பதான் உஸ்தாத் (ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்) ஒரு வேலை செய்தார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் விரலை மடக்கினார். அரை மணி நேரத்தில் இரண்டு கையும் முடிந்துவிட்டது. நம் ஈ.சி.ஆரில் ஆட்டு மந்தைக்கு அடிப்போம், ரோட்டில் கருவாடு காயப்போட்டவரிடம் நகரச் சொல்லி அடிப்போம், வளைவில் அடிப்போம், தெரிந்தவர் வந்தால் ஸலாம் சொல்ல அடிப்போம். அங்கே அடித்தால் அது வசவு.

டிப்பர் லைட்டும் அப்படித்தான். சாயல்குடி ரோட்டில் எதிரே வருகிற உப்பு லாரி லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நீ ஒதுங்கு' என்று அர்த்தம். துபாயில் இடது ஓரத்து லேனில் பின்னால் வருபவன் அடித்தால் லேனை விடு என்று அர்த்தம். நம் ஆள் அதைப் பார்த்துப் பயந்து பிரேக்கில் கால் வைப்பான், அத்தோடு முடிந்தது.

அப்புறம் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. கண்ணாடியில் தெரியாத இடம் என்று ஒன்று இருக்கிறது. ஊரில் வாடகை வண்டி ஓட்டும்போது வெளிக் கண்ணாடியை மடக்கி வைத்தே பழகினோமே, யாராவது திரும்பிப் பார்த்தோமா? லேன் மாறும்போது தலை திரும்பவில்லை என்றால் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் பேப்பரில் கோடு விழும். ரொம்ப மெதுவாக ஓட்டினாலும் விழும், இது பலருக்குத் தெரியாது. 80 போகிற ரோட்டில் 45-இல் பவ்யமாகப் போனால் ஒழுங்கு என்று நினைப்போம். பின்னால் வருகிறவனுக்கு நீ தடை.

உச்சிப்புளி_லெஸ்டர்

நான் இங்கிலாந்தில். எங்களுக்கு ஊரைப் போலவே இடது பக்கம்தான், ஆனாலும் பெயிலாவதில் ஒரு குறையும் இல்லை. குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். அதற்குள் புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரி எழுதி, ரோடு டெஸ்ட் முடித்துவிட வேண்டும். தியரியில் 50-க்கு 43, அது போக வீடியோ பார்த்து ஆபத்து வருவதற்கு முன்பே கண்டுபிடித்து அழுத்துகிற தேர்வு ஒன்று, 75-க்கு 44. நம்ம ஆட்களுக்கு அந்த வீடியோ ஒரு தனி வேதனை. பார்க்கிங்கில் நிற்கிற காருக்குப் பின்னால் ஒரு பந்து உருண்டால் அது ஆபத்தாம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் வளர்ந்தவனுக்கு அந்தப் பந்து ஒரு பொருட்டா? கண்ணே படாது.

2014 ஏப்ரல் வரை தியரியைத் தமிழில் காதில் கேட்டு எழுதலாம், அப்புறம் வேற்றுமொழி வசதியையே எடுத்துவிட்டார்கள். ரோடு டெஸ்ட்டில் சின்னப் பிழை 15 வரை பொறுப்பார்கள், பெரிய பிழை ஒன்றே ஒன்று போதும் அனுப்பிவிட. என் பிழை ரவுண்டானாவில். இங்கே வலது பக்கம் வருபவருக்கு வழி விட வேண்டும். ஊரில் யார் பெரிய வண்டியோ அவருக்குத்தானே வழி? நான் ஒரு பஸ்ஸுக்காக மரியாதையாக நின்றேன், அது நிற்க வேண்டிய பஸ்.

அவர்கள் பாஸ் பண்ணிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு வருஷத்துக்குள் ஆறு அபராதப் பாயின்ட் வந்தால் லைசென்ஸையே ரத்து செய்துவிடுவார்கள், புரொவிஷனலில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தாலே ஆறு பாயின்ட்.

சாயல்குடி_பனை

எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். வைத்துக்கொள்வதைப் பற்றிக் குவைத்தில் இருப்பவனிடம் கேளுங்கள். இங்கே வெளிநாட்டுக்காரன் லைசென்ஸ் எடுக்க 600 தினார் சம்பளம், டிகிரி, இரண்டு வருஷ இருப்பு என்று மூன்று நிபந்தனை. வீட்டு டிரைவருக்கு இதெல்லாம் வேண்டாம், விசாவே டிரைவர் என்பதால் கிடைத்துவிடும். நான் அப்படித்தான் எடுத்தேன், ஆறு வருஷம் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன். அப்புறம் கொஞ்சம் கூடச் சம்பளம் கிடைக்கிறது என்று கம்பெனிக்கு மாறினேன், இகாமாவில் (குடியிருப்பு அட்டையில்) தொழில் மாறியது. தொழில் மாறியதும் லைசென்ஸும் போய்விட்டது. ஆறு வருஷத்தில் ஒரு முக்காலபா (போக்குவரத்து விதிமீறல்) கூட இல்லாதவன். லைசென்ஸ் என் கைத்திறமைக்குக் கொடுத்தது இல்லை, இகாமாவில் இருக்கிற ஒரு வார்த்தைக்குக் கொடுத்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. விசா மாற்றுகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கீழக்கரை_லாத்தா

சவூதியில் அந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. வருஷத்துக்கு 40 ரியால் கணக்கில் கட்டி, மெடிக்கல் முடித்து, அப்ஷர் என்ற அரசு ஆப்பிலேயே புதுப்பித்துவிடலாம். ஆனால் கட்டாத அபராதம் ஒன்று இருந்தாலும் நகராது. பல சிக்னலில் ஸாஹிர் கேமரா. சிவப்பில் போனால் 3,000 ரியாலில் ஆரம்பிக்கிறது, இரண்டு மாதச் சம்பளம் பலருக்கு.

தொண்டி_காக்கா

துபாய்க்காரர்களுக்கும் அதுவே. சிவப்பில் போனால் 1,000 திர்ஹம், 12 கறுப்புப் புள்ளி, 30 நாள் வண்டி உள்ளே. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸை முடக்கிவிடுவார்கள், அதாவது இரண்டு சிவப்பு. கம்பெனி வேன் என்றால் அபராதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஆனால் புள்ளி உன் பெயரில்.

தம்பி வேன் ஓட்டப் போவதால் இதையும் சொல்கிறேன். துபாயில் போர்டில் 100 என்று இருந்தால் கேமரா 120 வரை பொறுக்கும். அபுதாபி 2018-இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது, போர்டில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான். எல்லை தாண்டி ஆர்டர் எடுக்கப் போகிற பையன்கள் முதல் மாதம் மாட்டுவது இதில்தான். வேன் மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்றும் கம்பெனியில் கேட்டுக்கொள். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் மேனுவல் ஓட்டக் கூடாது, லைசென்ஸிலேயே அச்சாகி வரும்.

பெரியபட்டினம்_தம்பி (மூன்று மாதம் கழித்து)

காக்கா, லாத்தா, எல்லாருக்கும் ஸலாம். வந்து பத்து வாரம் ஆகிறது. பெயர் மாற்றிய கார்டு கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு தபாலில் வந்தது. காக்கா சொன்னபடி ஆறு வாரம் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கோல்டன் சான்ஸ் கொடுத்தேன். சிக்னல் டெஸ்ட் (தியரி) பாஸ். ரோடு டெஸ்ட் போய்விட்டது.

ஹார்ன் அடிக்கவில்லை, தோள் திரும்பிப் பார்த்தேன், ரவுண்டானாவில் இடது பக்கம் வருபவருக்கு நின்றேன். ஆனால் கடைசியில் ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள், நான் பழக்க தோஷத்தில் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி டயரைப் பார்த்துக்கொண்டே ஒதுக்கினேன். ஊரில் பயணிகளைச் சகதியில் இறக்கக் கூடாது என்று அப்படித்தான் ஏழு வருஷம் நிறுத்தியிருக்கிறேன். டெஸ்ட் எடுத்தவர் சிரித்துவிட்டார், கையெழுத்து மட்டும் போடவில்லை.

மண்டபம்_மெக்கானிக்

சிரித்துக்கொண்டே பெயிலாக்குகிறான் பார்.

தொண்டி_காக்கா

நல்ல பிழை அது, திருத்திவிடலாம். இப்போது 10 மணி நேரமா, 20-ஆ?

பெரியபட்டினம்_தம்பி

10-தான் காக்கா. கவுண்டரில் கார்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மேனுவலில் சேர்ந்திருக்கிறேன், கம்பெனி வேன் மேனுவல்தான். நேற்று பார்க்கிங் டெஸ்ட் முடிந்தது, அடுத்த வாரம் ரோடு.

கீழக்கரை_லாத்தா

துஆ செய்கிறேன் தம்பி. தலையை உள்ளே வைத்துக்கொள்.

பெரியபட்டினம்_தம்பி (இரண்டு வாரம் கழித்து)

அல்ஹம்துலில்லாஹ், கிடைத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் போட்டிருக்கிறது. அடுத்தது ஐந்து வருஷம் தருவார்களாம்.

தொண்டி_காக்கா

சந்தோஷம். முடிகிற தேதியைப் போனில் இப்போதே போட்டு வை, கண் டெஸ்ட்டுக்கும் அபராதம் கட்டவும் இரண்டு வாரம் முன்பே மணி அடிக்கிற மாதிரி. ஊர் லைசென்ஸ் தேதியையும் சேர்த்துப் போடு.

வாலிநோக்கம்_கடல்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கத்தார் போகிறேன். 2009-இல் எடுத்த புத்தக லைசென்ஸ் இருக்கிறது, கடலில் விழுந்து காய்ந்தது, எண் பாதிதான் தெரிகிறது. இதை வைத்து அங்கே எடுக்க முடியுமா?

மண்டபம்_மெக்கானிக்

காக்கா, வாருங்கள்.